மணல் படங்களை அழித்த நாள்

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் பழக்கம் அலுவலகத்தில்தான் எனக்கு வந்தது. செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பூஜைக்கு முதல் நாள் மதியத்துக்கு மேல் யாரும் கோப்பு பார்ப்பதில்லை. பீரோவைத் திறந்து தூசி தட்டுவோம், ஒட்டடை அடிப்போம். கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு அவற்றுக்கும் அதே மரியாதை. திரையைத் துடைத்து, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பிறகு உள்ளே இருக்கும் குப்பையையும் எடுப்போம். இரண்டு முறை தட்டச்சு செய்த கடிதங்கள், யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள். எல்லாவற்றையும் தேர்வு செய்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட்டைத் தட்டினால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் மறைந்துவிடும். அதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. கூடத்தைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் இருப்பது, மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அவள் கல்லூரி, முதுகலை என்று போய் வேறு வாங்கிக்கொண்டாள். பழையது எனக்கு வந்தது. மின் கட்டணம் கட்டவும் பஞ்சாங்கம் பார்க்கவும் அது போதும்.

அந்த வருட பூஜை அன்று காலை அதைத் திறந்து சுத்தம் செய்துகொண்டிருந்தேன். டி டிரைவில் 'டெம்ப்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஏழெட்டு ஃபோல்டர்கள், அவற்றுக்குள்ளே மேலும் சில. எல்லாம் படங்கள். நாலைந்தைத் திறந்து பார்த்தேன். மணல். மணலில் நட்ட ஒரு கம்பு. மறுபடி மணல், ஓரத்தில் இடிந்த சுவர். குழந்தை கையில் போனைக் கொடுத்தால் தரையைப் படமெடுத்து வைக்குமே, அந்த மாதிரி. ஆயிரக்கணக்கில் இருந்தன. டிரைவே அதனால்தான் நிரம்பியிருந்தது. ஷிஃப்ட், டெலீட். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

கிடைத்த இடத்தில் என் தங்கை மகளின் கல்யாண வீடியோவைப் போட்டேன். வீடியோக்காரர் கொடுத்த பென் டிரைவ் இரண்டு மாதமாக டிவி மேஜையில் கிடந்தது. எங்காவது பத்திரமாக ஏற்றி வையுங்கள் என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். மூன்றரை மணி நேர வீடியோ, பெரிய ஃபைல். ஏறி முடிந்ததும் லேப்டாப்பை அணைத்துத் துடைத்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிய புத்தகங்களின் மேல் வைத்தேன். என் மனைவி அதன்மேல் ஒரு சாமந்திப் பூவை வைத்தாள். பொரி, சுண்டல், கற்பூரம். பூஜை முடிந்தது. இனி மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து, எல்லாவற்றையும் வடக்குப் பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்தும்வரை பூஜையில் வைத்ததை யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

பதினொரு மணிக்கு மகள் வந்தாள். அவள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கடல் கரையை அரிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கோவளத்திலிருந்து மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே வரை பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொரு இடத்திலும் அதே அடையாளத்தில் நின்று, அதே கம்பை நட்டுப் படம் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். இருபது மாதம் போயிருக்கிறாள். மழையிலும் போயிருக்கிறாள். தெரிந்தும் அந்தப் படங்களைத் திறந்து பார்த்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. அவள் எடுத்த ஒரு படத்தைக்கூட அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே, "அப்பா, போன வாரம் வந்தப்போ உங்க லேப்டாப்ல ஏத்தினேனே, அது அப்படியே இருக்குல்ல? என் லேப்டாப் சர்வீஸ்ல டிஸ்க்கையே மாத்திட்டாங்க. இப்ப உங்ககிட்ட இருக்கிறது மட்டும்தான்" என்றாள்.

போன வாரம் அவள் அதைச் சொன்னபோது நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சரிம்மா என்று சொன்னது இப்போது ஞாபகம் வந்தது.

"எதும்மா?"

"டெம்ப்னு ஒரு ஃபோல்டர்."

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொரி இருந்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"குப்பைன்னு நெனச்சுட்டேன் பாப்பா."

"ரீசைக்கிள் பின்ல?"

"இல்ல. ஷிஃப்ட் டெலீட்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த பொரியை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். இன்னும் ஒன்பது நாளில் ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் அவள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். படங்கள் இல்லையென்றால் அளவுகள் இல்லை. திரும்ப எடுக்கவும் முடியாது. போன வருடத்துக் கரை இப்போது கரையாக இல்லை. அவள் கம்பு நட்ட சில இடங்களில் இன்றைக்குத் தண்ணீர்.

"அழிச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. புதுசா எதாவது உள்ள போட்டீங்களா?"

"இல்லையே. அணைச்சுப் பூஜையில வச்சுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய பொய்யான காரணங்களைப் படித்துக் குறிப்பு எழுதியவன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பயம் வந்தது. ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டேன், இரண்டாவதையும் சொல்ல வாய் வரவில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் சும்மா இருக்க முடியாமல் என் போனில் தேடினேன். அழிந்த படங்களை மீட்பது எப்படி என்று அடித்ததும் வரிசையாக வந்தது. முற்றிலும் இலவசம், நூறு சதம் உத்தரவாதம். பச்சை நிறத்தில் பெரிய பட்டன். இதை அந்த லேப்டாப்பிலேயே இறக்கி ஓட்டிவிட்டால் அவள் கீழே வருவதற்குள் படங்கள் வந்துவிடும் என்று தோன்றியது. சி டிரைவில் இடமில்லை, டி டிரைவில் போடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். பூஜை அறைக்குள் போய்க் கையை நீட்டிவிட்டேன்.

"என்னங்க பண்றீங்க?" என் மனைவி வாசலில் நின்றாள்.

"அஞ்சு நிமிஷம். ஒண்ணு பாத்துட்டு வச்சிடறேன்."

"பூஜையில வச்சதைத் தொடுவீங்களா? அது பாட்டுக்குச் சும்மா இருந்துச்சு. காலையில சுத்தம் பண்றேன்னு கெளம்பி இவ்ளோ தூரம் கொண்டாந்தாச்சு. இப்ப ரிப்பேரும் நீங்களே பண்ணப் போறீங்களா?"

"பொண்ணு வாழ்க்கைடி இது."

"அதனாலதான் சொல்றேன், கையை எடுங்க."

கையை எடுத்தேன். அவள் சொன்னது சாமிக்காக. ஆனால் மாடியிலிருந்து இறங்கி வந்த மகளும் முதல் வார்த்தையாக அதையேதான் சொன்னாள். "யாரும் லேப்டாப்பை ஆன் பண்ணாதீங்க."

அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி, கருங்குழிப் பெண், நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளிடம்தான் மகள் பேசியிருக்கிறாள். அழித்தவுடனே படம் காணாமல் போவதில்லையாம். அந்த இடம் காலி என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் வேறு எதையாவது எழுதும்வரை பழையது அடியில் அப்படியே கிடக்கும். லேப்டாப்பைச் சும்மா ஆன் செய்தாலே அது எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். அதனால் அணைத்தது அணைத்தபடியே கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். பழைய லேப்டாப் என்பதும் நல்லதாம். உள்ளே இருப்பது சுற்றுகிற டிஸ்க். இப்போது வருகிற புது மாதிரியாக இருந்தால் அழித்த சற்று நேரத்தில் அதுவே துடைத்துவிடும், நம்பிக்கையே இருக்காது என்றாளாம்.

மகள் நம்பிக்கையோடுதான் சொன்னாள். மேல் எழுதும்வரை என்றதும் நான் ஏற்றிய வீடியோ ஞாபகம் வந்தது. மூன்றரை மணி நேரக் கல்யாணம்.

"நாளைக்குக் காலையில மறுபூஜை முடிச்சு எடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் என் மனைவி.

"அம்மா, நாளைக்கு விடியக்காலையிலயே அவ ஊருக்குப் போறா. ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவா."

என் மனைவி சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். சாமந்திப் பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை மட்டும் வடக்குப் பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்தினாள்.

"இதுக்கு மட்டும் மறுபூஜை ஆயிடுச்சு. மத்ததெல்லாம் நாளைக்கு. எடுத்துட்டுப் போங்க. நான் சொல்லிட்டேன் அவகிட்ட" என்று சரஸ்வதியைக் காட்டினாள்.

ஸ்கூட்டரில் கிளம்பினோம். லேப்டாப்பை என் மனைவியின் பழைய நூல் புடவையில் சுற்றி, பைக்குள் போட்டு, மகள் மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மாமல்லபுரம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாகப் போவது என்று முடிவு. மற்ற நாளில் சுகமான பாதை. ஆயுத பூஜை அன்று அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்துக்கும் மெக்கானிக் கடைக்கும் முன்னால் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமம் கலந்த சதை சாலையெங்கும் சிதறிக் கிடந்தது. வாழைக்கன்று கட்டிய லாரிகள் அதன்மேல் ஏறி நசுக்கி வழவழவென்று ஆக்கியிருந்தன.

கோவளம் திருப்பத்துக்கு முன்னால் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிவிட்டது. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினேன். வண்டி சாய்ந்தது, விழவில்லை. என் செருப்பு ஒன்று பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் பையின் மேல் முழுதாகக் குனிந்து, இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என்னைப் பிடித்துக்கொள்ள அவள் கையே நீட்டவில்லை.

"அடிபட்டுச்சா பாப்பா?"

"எதுலயும் இடிக்கலப்பா" என்றாள். அவள் சொன்னது லேப்டாப்பைப் பற்றி.

அப்போது சொல்லியிருக்கலாம். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி, மூஞ்சி இப்படிக் கீது? யாரோ செத்தாப்புல. வா உள்ள. வாங்க அங்கிள்." புடவையைப் பிரித்ததும் சிரித்துவிட்டாள். "பொட்டெல்லாம் வச்சி அனுப்பி கீறீங்க. பேஷன்ட்டு நல்லாத்தான் கீது."

லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்து உள்ளங்கை அளவு டிஸ்க்கை எடுத்தாள். அதை ஒரு கேபிளால் தன் கம்ப்யூட்டரில் இணைத்தாள். இன்னொரு பக்கத்தில் ஒரு பென் டிரைவைச் செருகினாள். மீட்கும் மென்பொருள் அதிலேயே இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டரிலும் நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும் என்றாள். மூன்றாவதாக ஒரு பெரிய வெற்று டிஸ்க்.

"மூணும் தனித்தனியா இருக்கணும் அங்கிள். தொலைஞ்சது ஒரு இடத்துல, தேடுறது இன்னொரு இடத்துல, எடுத்து வக்கிறது மூணாவது இடத்துல. உங்க டிஸ்க்ல நாம எதையும் எழுத மாட்டோம். படிச்சிகினு மட்டும் இருப்போம்."

நான் போனில் பார்த்ததை, என் அக்கறையைக் காட்டுவதற்காக, அவளிடம் நீட்டினேன்.

"ஐயோ அங்கிள், இந்தப் பச்சை பட்டனா? இத அமுக்கனா வேற எதுனா வந்து குந்திக்கும். படமும் போவும், பாஸ்வேர்டும் போவும். அதுவும் தொலைஞ்ச டிஸ்க்லயே எறக்கனீங்கன்னா முடிஞ்சது கதை. நல்லவேளை எறக்கல."

நான் என் மனைவியை நினைத்துக்கொண்டேன்.

தேடல் ஓடத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. முடிய மூன்று மணி நேரம் என்று காட்டியது. தோழி தேநீர் போட்டுக் கொடுத்தாள். மகள் குடிக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கோட்டையே பார்த்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் வாசலில் யாரோ கார்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிஸ்க்கிலிருந்து மெல்லிய ஒரு சுழலும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம். பச்சை என்றால் முழுதாக இருக்கிறது. மகள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பச்சை, பச்சை, பச்சை. தோழி கீழே நகர்த்திக்கொண்டே போனாள். மகளின் தோள் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு விட்டாள் என்று நினைக்கிறேன்.

பிறகு சிவப்பு வந்தது. ஒன்று, நான்கு, திரை முழுக்க.

"இதுங்க மேல எதுவோ எழுதி கீதே" என்றாள் தோழி. "அப்புறம் ஒண்ணும் போடலன்னுதானடி சொன்ன?"

"அப்பா போடலன்னாரு."

"இரு, இதுல கிளிக் பண்ணா எந்த ஃபைல் மேல ஏறி கீதுன்னு பேரோட காட்டும்."

அவள் மவுஸைத் தொட்டாள்.

"கிளிக் பண்ண வேணாம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நான்தான் போட்டேன். அழிச்ச உடனே கல்யாண வீடியோவை ஏத்தினேன். பாப்பா, காலையில நீ கேட்டப்ப சொல்லல."

தோழி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மகள் கையை நீட்டி, தானே கிளிக் செய்தாள். கீழே ஒரு வரி வந்தது. என் தங்கை மகளின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்த ஃபைல். மகள் அதை இரண்டு முறை படித்த மாதிரி இருந்தது.

"கேட்டேனேப்பா" என்றாள்.

தோழிதான் பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் பச்சை எல்லாவற்றையும் மூன்றாவது டிஸ்க்குக்கு எடுப்போம், சிவப்பையும் விட வேண்டாம், எடுத்துப் பார்ப்போம், சிலது பாதியாவது வரும் என்றாள். எடுத்து முடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் எழுந்து வெளியே போவதா, அங்கேயே உட்கார்ந்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

இருபது மாதத்தில் பதினேழு மாதம் முழுதாக வந்தது. மற்ற மூன்று மாதங்கள், போன வருட மழைக்காலத்துடையவை, போய்விட்டன. சில படங்கள் பெயரோடு வந்தன, திறக்கவில்லை. சிலவற்றில் மேல் பாதியில் வானமும் ஒரு மீனவர் குப்பத்துச் சுவரின் விளிம்பும் தெரிந்தன. கீழ்ப் பாதி ஒரே சாம்பல் நிறம். கம்பு இருக்க வேண்டிய இடம் அந்தச் சாம்பலுக்குள் இருந்தது. அந்தச் சுவர் இப்போது இல்லை என்று தோழியிடம் மகள் சொன்னாள். டிசம்பரில் விழுந்துவிட்டதாம். விழுவதற்கு முன் தண்ணீர் அதை எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு அந்தப் படங்கள் மட்டும்தான் இருந்தன.

"நான் இங்கயே தங்கிக்கறேன். ஒவ்வொண்ணா திறந்து பாக்கணும். நீங்க கிளம்புங்க, இருட்டிடும்" என்று என்னிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. ரோட்டில் பூசணிக்காய் இருக்கும், மெதுவாகப் போங்கள் என்றும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தப்பா அழிச்சதை அவ எப்பவாவது மறந்துடுவா" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் குழுவின் முன்னால் மகள் நின்றாள். வரைபடத்தில் அந்த மூன்று மாதத்தைக் கோடு போடாமல் வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று ஒருவர் கேட்டாராம். வீட்டில் அழிந்துவிட்டது, பிரதி வைத்திருக்கவில்லை, தவறு என்னுடையது என்று சொன்னாளாம். ஏற்றுக்கொண்டார்கள். சுவர் விழுந்த இடத்தைப் பற்றி அவள் எழுதியிருந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள். அவளுக்கு அதுதான் மிகவும் பிடித்த அத்தியாயம் என்று தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகள் போனில் என்னிடம், "முடிஞ்சுதுப்பா, பரவாயில்ல" என்றாள்.

இப்போது அவள் படங்களுக்கு மூன்று பிரதி வைத்திருக்கிறாள். ஒன்று அவளிடம். ஒன்று நாவலூரில் தோழியிடம். இன்னொன்று இணையத்தில் எங்கோ. போன மாதம் வந்திருந்தபோது, வெற்று டிஸ்க் ஒன்றை வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"இங்கயும் ஒண்ணு இருக்கட்டுமே பாப்பா. பீரோவுல பூட்டி வச்சிடறேன். திறக்கவே மாட்டேன்."

டிஸ்க்கை வாங்கிப் பார்த்தாள். நல்ல டிஸ்க்தான் என்றாள். பெட்டிக்குள் திரும்ப வைத்து, மூடி, என் கையிலேயே கொடுத்தாள்.

"பாக்கலாம்பா" என்றாள்.